கேண்டி சிவப்பு அடித்த பழைய பத்மினிக்கு வீட்டிலேயே பாலிஷ் போடலாமா?

கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினியைப் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் விட்டு, டிங்கரிங் பார்த்து, முழுக்கப் பெயிண்ட் மாற்றியிருக்கிறார். வெள்ளி நிற அடிப்பூச்சு, அதன்மேல் கேண்டி சிவப்பு, அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். பானட்டில் கையால் இழுத்த தங்க நிறக் கோடு. அடித்து ஐந்து மாதம் ஆகிறது. வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன, டிக்கி மேல் வெள்ளையாக நீர்க்கறை. பட்டறையில் "கொண்டு வாங்க, ஒரு பஃபிங் போட்டுத் தர்றேன்" என்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, எந்த மெஷின் வாங்குவது என்று கேட்கிறார்.

செய்யலாம். பொறுமை இருக்கிறவர் என்றால் வீட்டில் செய்வதே நல்லது என்பேன். ஆனால் கம்பெனிப் பெயிண்ட் உள்ள காருக்குச் சொல்லும் வழிமுறையை அப்படியே இதற்கு எடுத்துவரக் கூடாது.

தொழிற்சாலையில் அடிக்கும் பெயிண்டை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் கனம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50 வரை இருக்கும். ஒரு ஏ-4 தாளே ஏறக்குறைய 100 மைக்ரான் என்றால் கிளியர் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறையில் அடித்ததோ அதிகம் போனால் 60 டிகிரி பூத்தில் காய்ந்திருக்கும், பெரும்பாலும் வெறும் காற்றில் காய்ந்திருக்கும். அதனால் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். கனமும் இடத்துக்கு இடம் மாறும். கதவின் நடுவில் மூன்று கோட் விழுந்திருக்கும், ஓர மடிப்பில் ஒன்றரைதான் நின்றிருக்கும். கிளியர் கோட் என்பது எடுக்க மட்டுமே முடிகிற சேமிப்பு. ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் காரில் அந்தச் சேமிப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

கேண்டி பெயிண்டில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. சாதாரணச் சிவப்பில் நிறம் அந்தப் பூச்சுக்குள்ளேயே இருக்கிறது. கேண்டியில் நிறம் ஒளி ஊடுருவக்கூடிய ஒரு படலம்தான். வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய், வெள்ளி அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த ஆழமும் ஜொலிப்பும். எத்தனை கோட் அடித்தார்களோ அத்தனை அடர்த்தி. கிளியரைத் தாண்டிக் கேண்டியைத் தொட்டுவிட்டால் அந்த இடம் வெளிறி ஒரு வளையமாகத் தெரியும். பிரஷ் வைத்து டச்-அப் செய்து சரிக்கட்ட முடியாது, அந்தப் பேனலையே மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பக்கத்துப் பேனலோடு நிறம் ஒத்துப்போவதும் கடினம்.

ஆகவே மெஷின் வாங்கும் முன் பெயிண்டருக்கு ஒரு போன் போடுங்கள். "அண்ணே, கிளியர் எத்தனை கோட் அடிச்சீங்க? டூ-கே கிளியரா? அடிச்சு முடிச்சதும் வாட்டர் பேப்பர் போட்டுக் கட்டிங் பண்ணீங்களா? கோடு கிளியருக்கு அடியிலயா, மேலயா?" இந்த நான்கு கேள்வி போதும். டூ-கே என்றால் ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் கிளியர். கட்டிங் பண்ணியிருந்தால் கிளியரில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். பெயிண்டர்கள் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார், எந்தக் கம்பெனி ஹார்டனர் என்பது வரைக்கும்.

அவர் சொன்னதை நீங்களும் சோதித்துப் பாருங்கள். கதவின் வெளிப்பக்கம், அடிவிளிம்பை ஒட்டி, கண்ணில் படாத இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துக் கையால் தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே கிளியர் இருக்கிறது. சிவப்பு ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் கிளியர் இல்லை அல்லது தீர்ந்துவிட்டது. கதவைத் திறந்து உள்மடிப்பில் சோதிக்காதீர்கள். அங்கே பல பட்டறைகளில் கிளியர் அடிப்பதில்லை, பழைய பெயிண்டையே விட்டுவிடுவதும் உண்டு, அதனால் தவறான பதில் கிடைக்கும். கேண்டியோ கிளியரோ இல்லாத, ஒரே நிறம் அடித்த பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். பஞ்சில் தின்னர் தொட்டு மறைவான இடத்தில் சில நொடி வைத்தால், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் கரைந்து பஞ்சில் வந்துவிடும், ஹார்டனர் கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) என்றால் அசையாது. என்.சி. பெயிண்ட் மெல்லியது, சூட்டுக்கு இளகுவது. அதற்கு மெஷினே வேண்டாம், கையால் போடும் மென்மையான பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்த என்.சி. பெயிண்டில் ஈரம் சிக்கி வெண்மை படர்வது உண்டு. அது மேலோட்டமாக இருந்தால் கைப்பாலிஷிலேயே தெளியும்.

பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். கம்பெனிப் பெயிண்டுக்கு அது அருமையான கருவி. உங்கள் காரில் அது காட்டும் எண்ணை நம்பி இறங்காதீர்கள். பழைய பத்மினியில் பட்டி போடாத பேனல் அபூர்வம். மீட்டர் 600, 800 என்று காட்டும். அதில் முக்கால்வாசி பட்டிதான். கிளியர் எவ்வளவு என்று அது தனியாகப் பிரித்துச் சொல்லாது.

ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பது நல்ல செய்தி. புதுப் பெயிண்டிலிருந்து தின்னர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வாக்ஸோ கோட்டிங்கோ போட்டு மூடக் கூடாது, 30 முதல் 90 நாள் பொறுக்கச் சொல்வது அதனால்தான். தின்னர் வெளியேறும்போது படலம் சுருங்கிப் பளபளப்பு கொஞ்சம் குறையும். உங்கள் கார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

இனி, அந்தக் கீறல்கள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். பெயிண்டரின் பஃபிங்கில் பாதி வந்திருக்கலாம். மீதி நிச்சயம் துடைத்ததில் வந்தது. காலையில் பனியன் துணியையோ மஞ்சள் துணியையோ உதறித் தூசியைத் துடைக்கிற பழக்கம்தான் நம் ஊர்க் கார்களின் முதல் எதிரி. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண், கடற்கரை மணல் எல்லாம் பெயிண்டைவிடக் கடினமான துகள்கள். உலர்ந்த துணியால் அவற்றை இழுத்தால் கீறாமல் என்ன செய்யும்? மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து துடைத்துப் பளபளப்பு ஏற்றுகிற வழக்கமும் வேண்டாம். அந்தப் பிசுக்கு அடுத்த நாளே இரண்டு மடங்கு தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கழுவுவதைச் சரிசெய்யாமல் பாலிஷ் போட்டால் ஆறு மாதத்தில் அதே கீறல் திரும்ப வரும், மறுபடி பாலிஷ், மறுபடி கிளியர் குறையும். அதனால் முதல் செலவு இரண்டு வாளி, நல்ல மைக்ரோஃபைபர் கையுறை, கார் ஷாம்பு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரைப் பாய்ச்சி, கை வைக்காமலேயே மண்ணை இறக்குங்கள். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் இது இன்னும் முக்கியம். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று நம் கரையைத் தொட்டுப் போன புயல்களில் உப்பும் மணலும் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் தெருக்களுக்கும் வந்தன. அந்த நேரத்தில் காரைத் துடைக்கவே கூடாது. தண்ணீர் மட்டும் நிறைய.

தண்ணீர் என்றதும் உங்கள் டிக்கியின் வெள்ளைத் திட்டு. அது போர் தண்ணீரின் வேலை. கடலை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். வெயிலில் கழுவித் தானாகக் காய விட்டால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். காலை ஏழு மணிக்குள் நிழலில் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் 20 லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றைச் செலவழியுங்கள், பத்மினிக்கு அது தாராளம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. உடனே பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. இப்போதுள்ள கறைக்கு வெள்ளை வினிகரும் குடிநீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் மேலே போட்டுவிட்டு நன்றாகக் கழுவுங்கள். வினிகர் பேனலில் காயக் கூடாது. பாதிக் கறை அதிலேயே போய்விடும். போகாத வளையங்கள் கிளியரை அரித்துவிட்டவை, அவற்றுக்குத்தான் பாலிஷ்.

மெஷினுக்கு வருவோம். டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்குங்கள். சுற்றிக்கொண்டே அதிர்ந்தும் அசைவதால் ஒரே இடத்தில் சூடு சேராது. புதிதாகக் கற்றுக்கொள்பவரின் கையில் பெயிண்ட் எரிவது அரிது. பட்டறையில் வைத்திருப்பது பெரும்பாலும் ரோட்டரி, அதாவது ஒரே அச்சில் சுற்ற மட்டும் செய்யும் மெஷின். தேர்ந்த கையில் அது வேகமான கருவி, ஆனால் கம்பளிப் பேடு மாட்டி அவசரமாக ஓட்டினால் வெயிலில் கோடு கோடாக நிழல் விழும். கேண்டி சிவப்பில் அது பளிச்சென்று தெரியும். வெல்டிங் கடை ஆங்கிள் கிரைண்டரில் பஃபிங் பேடு மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். பாலிஷுக்கு ரோட்டரியில்கூட 2,000 சுற்றைத் தாண்டத் தேவையில்லை. இரண்டு நொடியில் கிளியர், கேண்டி, வெள்ளி, பிரைமர் எல்லாம் கடந்து பட்டிக்கு வந்துவிடுவீர்கள்.

ஃபோம் பேடு ஐந்து அங்குலத்தில் மென்மையானது நான்கு, நடுத்தரம் இரண்டு. மிக மென்மையாகத் தேய்க்கும் ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, நடுத்தர பாலிஷ் ஒன்று. கனமான ரப்பிங் காம்பவுண்ட் வாங்கவே வேண்டாம். கையில் இருந்தால் எடுத்துப் போடத் தோன்றும். மெகுவயர்ஸ், மென்சர்னா, த்ரீ-எம், சோனாக்ஸ் எதுவானாலும் சரி, ஒரே கம்பெனியின் பேடும் பாலிஷுமாக எடுத்தால் குழப்பம் குறையும்.

பாலிஷுக்கு முன் ஒரு முறை கிளே பார் (களிமண் போன்ற மெதுவான கட்டி) ஓட்டுங்கள். கழுவிய பிறகும் கையில் சொரசொரப்பாகத் தட்டுப்படும் பெயிண்ட் தூசி, மரப்பிசின், இரும்புத் துகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஷாம்புத் தண்ணீர் நிறையத் தெளித்து, அழுத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தரையில் விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கிளே தானே மெல்லிய கீறல் போடும், எனவே பாலிஷ் போடாத நாளில் கிளே வேண்டாம்.

அடுத்து டேப். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வீண் போகாது. பத்மினியின் உடம்பு முழுக்க விளிம்பும் மடிப்பும்தான். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து விலகி இரு பக்கமும் ஒதுங்கிக்கொள்ளும், பெயிண்டர் தேய்க்கும்போதும் அங்கேதான் அதிகம் குறையும். பானட் விளிம்பு, ஃபெண்டர் மேல் மடிப்பு, கதவு ஓரம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ரப்பர் பீடிங், குரோம் பட்டை மேலும் ஒட்டுங்கள். கறுப்பு ரப்பரில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து போகவே போகாது. மலிவான மஞ்சள் டேப் நம் வெயிலில் பசையை விட்டுவிட்டு வரும். பெயிண்டர்களுக்கென்று விற்கும் நல்ல டேப்பாக வாங்குங்கள்.

தங்க நிறக் கோட்டை விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் கோடு பெரும்பாலும் கிளியருக்கு மேலே இருக்கிறது. மேலே இருந்தால் மெஷின் ஒரே ஓட்டத்தில் அதை மங்கச் செய்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு டேப் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் கையால் ஃபினிஷிங் பாலிஷ் தொட்டுத் துடைத்தால் போதும். பெட்ரோல் டேங்கில் ஏர்பிரஷ் ஓவியம் வரைந்த புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். கையால் இழுத்த கோடு ஒருவருடைய கைவேலை. அதே மாதிரி இன்னொரு முறை வராது.

மெஷினை முதலில் டிக்கியின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். மென்மையான பேடில் ஃபினிஷிங் பாலிஷ் நான்கு சொட்டு. மெஷினை நிறுத்தியபடியே பேனல் மேல் ஒற்றிப் பரப்பிவிட்டு, குறைந்த வேகத்தில் தொடங்கி, மெஷினின் வேகத் திருகில் நான்கு அல்லது ஐந்தாம் எண்ணுக்கு ஏற்றுங்கள். மெஷினின் எடையே போதுமான அழுத்தம். நொடிக்கு ஓர் அங்குலம், அவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும். ஒரு வரிசை முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். குறுக்கே இரண்டு முறை, நெடுக்கே இரண்டு முறை. துடைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் கீறலும் தெரியாது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும் என்பதால், ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பத்துக்கு ஒன்று என்று குடிநீரில் கலந்து துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கிருமிநாசினி சானிடைசர் அதற்கு உதவாது, அதில் கிளிசரின் இருக்கும்.

கீறல் பத்தில் ஏழு போயிருந்தால் அதையே கார் முழுக்கச் செய்யுங்கள். அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. மீதி மூன்றையும் துரத்திக்கொண்டு போவதில்தான் கிளியர் தீர்கிறது. பாதிகூடப் போகவில்லை என்றால் மட்டும் நடுத்தர பாலிஷ், நடுத்தரப் பேடு, அப்புறம் மறுபடி மென்மையானது. நகம் இடறும் அளவுக்கு ஆழமான கீறல் எந்தப் பாலிஷுக்கும் போகாது, விட்டுவிடுங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருப்பதையோ பெயிண்ட் வழிந்த தடத்தையோ 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் வைத்து வீட்டில் தேய்க்க இறங்காதீர்கள். கேண்டியில் அது அடித்த பெயிண்டரே செய்ய வேண்டிய வேலை.

பேனல் கைக்குச் சில்லென்றோ வெதுவெதுப்பாகவோ இருக்க வேண்டும், சுட்டால் பாலிஷ் பொடியாகக் காய்ந்து கோடு போடும். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் போர்ட்டிகோ நிழலில்கூடத் தகரம் சூடாகிவிடும். ஒரு காலையில் இரண்டு மூன்று பேனல் என்று பிரித்துச் செய்யுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கிய பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அதில் சேரும் பழைய பாலிஷும் கிளியர்த் தூளும்தான் அடுத்த கீறலைப் போடுவது.

டேப்பை எடுத்துவிட்டுக் குனிந்து கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். பட்டறைகளில் பட்டியும் பெயிண்டும் போய் அவற்றை அடைத்துவிடுவது சகஜம். மழைத் தண்ணீர் கதவுக்குள் தேங்கினால் கடல் காற்றும் சேர்ந்து உள்ளிருந்து துரு ஏறும். பெயிண்ட் கொப்பளித்த இடத்தைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. குரோம் பம்பருக்குத் தனியாக மெட்டல் பாலிஷ், உள்ளே டாஷ்போர்டுக்கு ஈரத் துணி, அவ்வளவுதான். பளபளப்பு ஏற்றும் சிலிகான் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்க வேண்டாம். மறுபடி ஒரு பேனலைப் பெயிண்ட் செய்ய நேர்ந்தால் அந்தச் சிலிகான் படிந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

மேலே பூசுவதற்குக் கார்னௌபா வாக்ஸ் கேண்டியில் மிக அழகாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. சிந்தெடிக் சீலன்ட் சில மாதம் தாங்கும். நான் சீலன்ட்டைத்தான் சொல்வேன்: புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறை, பங்குனியில் வெயிலுக்கு முன் ஒரு முறை. செராமிக் கோட்டிங் இப்போதைக்கு வேண்டாம். பிறகு எங்காவது பெயிண்ட் சரிசெய்ய வேண்டி வந்தால் முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும், அதற்கும் கிளியர்தான் செலவாகும்.

கேண்டியில் பயன்படும் சாயங்கள், முக்கியமாகச் சிவப்பு, வெயிலில் வெளுக்கக்கூடியவை. கிளியரில் கலந்திருக்கும் புற ஊதாத் தடுப்புதான் அவற்றுக்குக் குடை, அதனால்தான் கிளியரைப் பற்றி இவ்வளவு பேசினேன். நிழலில் நிறுத்துங்கள், ஆனால் வேம்பு, பாதாம், புளிய மரத்தடி நிழல் வேண்டாம். பறவை எச்சத்தை அன்றே நனைத்து ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். ஒரு மதிய வெயில் போதும், அது கிளியரில் தடம் பதிக்க. டிக்கியில் ஒரு தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலும் துண்டும் எப்போதும் இருக்கட்டும். தூசி படிந்த கார் மேல் உறை போடாதீர்கள். கடல் காற்றில் அது இரவெல்லாம் அசைந்து தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் அடித்தவர்கள் இருந்தால், மேலே சொன்னதில் கழுவும் பகுதி மட்டும் உங்களுக்கு. பாலிஷ், வாக்ஸ், மெஷின் எதுவும் கூடாது. தேய்த்த இடம் மினுங்கிவிட்டால் திரும்ப மங்கவைக்க வழியில்லை.

நிறம் மாற்றியதை ஆர்.சி.யில் பதிவு செய்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். வழியில் நிறுத்தி ஆர்.சி.யைப் பார்க்கிறவருக்கு அதில் ஒரு நிறமும் எதிரே ஒரு நிறமுமாக இருந்தால் சிக்கல்தான்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, பட்டறையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றால் அதுவும் தவறில்லை. கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: காம்பவுண்ட் வேண்டாம், ஃபினிஷிங் பாலிஷ் மட்டும்; கம்பளிப் பேடு வேண்டாம், ஃபோம் போடுங்கள்; கோட்டின் மேல் மெஷின் படக் கூடாது. டேப் ஒட்டுகிற வேலையை மட்டும் நீங்களே வீட்டில் முடித்துவிட்டுக் கொண்டுபோய் விடுங்கள்.